நல்ல புகாட்சாவைத் தேடி...

கிரீஸ் நாட்டின் இரண்டாவது பெரிய ஊர் தெசலோனிக்கி. அந்த ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்வார்கள். ஒன்று, கடலோரத்தில் நிற்கும் வெள்ளைக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது. இன்னொன்று, கண்ணில் படும் உள்ளூர்க்காரரைப் பிடித்து "இந்த ஊரிலேயே பெஸ்ட் புகாட்சா எங்கே கிடைக்கும்?" என்று கேட்பது. அவரும் சந்தோஷமாக ஒரு கடையின் பெயரைச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் "அங்கேயா? சேச்சே..." என்று வேறு பெயரைச் சொல்வார். பத்துப் பேரைக் கேட்டால் பதினொரு பதில் வரும்!

கேள்வி தப்பில்லை. ஆனால் கேட்கும் விதம் தப்பு. அதைச் சொல்வதற்கு முன்னால் புகாட்சா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

கண்ணாடி மாதிரி மெல்லிசாக விரித்த மாவுத் தாள். அதற்கு ஃபிலோ என்று பெயர். கிரேக்க மொழியில் ஃபிலோ என்றால் இலை. அந்த இலையை மடித்து மடித்து, நடுவில் பாலும் ரவையும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய கஸ்டர்டை வைத்துப் பொட்டலம் போல மூடி, நல்ல சூட்டில் சுட்டு எடுப்பது. மேலே மொறுமொறுவென்று உடையும், உள்ளே ஆவி பறக்கும். கடைக்காரர் அகலமான கத்தியால் டக் டக் டக் என்று வாயில் போடும் அளவுக்குத் துண்டு போட்டு, சர்க்கரைப் பொடியும் பட்டைத்தூளும் தாராளமாகத் தூவிக் கொடுப்பார். கொத்து பரோட்டா சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பசி வந்துவிடும். கஸ்டர்டுக்குப் பதிலாக பாலாடைக்கட்டி, கொத்துக்கறி, கீரை வைத்தும் செய்வார்கள். ஆனால் ஊர்ச் சண்டை எல்லாம் பெரும்பாலும் கஸ்டர்ட் புகாட்சாவைச் சுற்றித்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தெசலோனிக்கியில் வெறுமனே "ஒரு புகாட்சா" என்று கேட்டால் "எதோட?" என்று திருப்பிக் கேட்பார்கள். கஸ்டர்டா, கறியா, பாலாடைக்கட்டியா என்று சொல்லியாக வேண்டும். ஏதென்ஸ்காரர்களுக்கோ புகாட்சா என்றாலே கஸ்டர்ட் வைத்ததுதான். பாலாடைக்கட்டி வைத்தால் அதற்குப் பெயர் திரோபிதா. "கஸ்டர்ட் புகாட்சா" என்று ஒருவர் சொன்னால் அவர் வடக்கத்திக்காரர் என்று ஏதென்ஸில் கண்டுபிடித்துவிடுவார்கள். வடக்கத்திக்காரர்கள் பதிலுக்கு, "தலைநகரில் எல்லாம் கிடைக்கும், புகாட்சா மட்டும் கிடைக்காது" என்பார்கள். கிரீஸில் இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது.

பெயரின் கதையும் சுவையானது. லத்தீனில் ஃபோகஸ் என்றால் அடுப்பு. அடுப்புச் சாம்பலில் சுட்ட ரொட்டி இத்தாலியில் ஃபொக்காச்சா ஆனது. அதே சொல் பால்கன் நாடுகளில் பொகாச்சா ஆகி, துருக்கியில் போஆச்சா ஆகி, கிரேக்கத்தில் புகாட்சா ஆனது. பெயர் ஒன்று, பண்டம் வேறு! துருக்கியில் இன்று போஆச்சா கேட்டால் மெத்தென்ற குட்டி பன் கொடுப்பார்கள். தெசலோனிக்கி புகாட்சாவுக்கு நெருங்கிய சொந்தம் துருக்கியில் வேறு பெயரில் இருக்கிறது. கருங்கடல் கரையோரத்து லாஸ் பொரேக். அதிலும் அதே மெல்லிய தாள், அதே பால் கஸ்டர்ட், ஆனால் மேலே பாகு ஊற்றுவார்கள். கஸ்டர்டில் துளி மிளகுத்தூள் போடுவதும் உண்டாம். எல்லைக்கோடு போட்டவர்கள் சமையலறைக்குள் போய்ப் போட முடியவில்லை.

எல்லைக்கோடு என்றதும் 1923-ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கிரேக்கப் படை ஆசியா மைனரில் தோற்று, 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம் எரிந்த பிறகு, லோசானில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு. கிரீஸில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. சுமார் 12 லட்சம் பேர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம், நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. மதத்தை வைத்துப் பிரித்தார்கள். கிரேக்க மொழியே தெரியாத கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், துருக்கி மொழியே தெரியாத முஸ்லிம்கள் துருக்கிக்கும் போனார்கள்.

தெசலோனிக்கி அப்போதுதான் 1917 ஆகஸ்ட் பெருந்தீயில் எரிந்து, எழுபதாயிரம் பேருக்கு மேல் வீடிழந்து, மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் வந்து குவிந்தார்கள் அகதிகள். 1928-இல் கணக்கெடுத்தபோது ஊர் ஜனத்தொகையில் ஏறத்தாழ பாதி அகதிகள். அந்த ஊரில் பிறந்த அகதிகளின் பிள்ளையான எழுத்தாளர் யோர்கோஸ் இயோவானு தன் புத்தகம் ஒன்றுக்கு வைத்த பெயரே 'அகதிகளின் தலைநகரம்' என்பதுதான்.

நிலம் போச்சு, வீடு போச்சு, கடை போச்சு. கையோடு வந்தது கைத்தொழில் மட்டும். ஃபிலோ விரிப்பதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். மாவு, தண்ணீர், உப்பு, எண்ணெய், ஒரு பளிங்கு மேடை, ஒரு அடுப்பு. மீதியெல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது. கப்பதோக்கியாவிலிருந்தும் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்தும் வந்தவர்கள் வடக்கு கிரீஸ் முழுக்கக் கடை போட்டார்கள். தெசலோனிக்கியிலிருந்து வடகிழக்கே இருக்கும் செரஸ் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் "புகாட்சா எங்களுடையது" என்று அடித்துச் சொல்வதற்கும் இதுதான் காரணம். 2008-இல் செரஸில் நாற்பது பேர் சேர்ந்து 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு புகாட்சா செய்து உலக சாதனை என்று கொண்டாடினார்கள். எடை 182 கிலோ! (சூடாகத் தின்ன முடிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.) தெற்கே கிரீட் தீவிலும் இதே கதை. ஹானியா ஊரில் இயோர்தானிஸ் கடை 1924-இல் ஆசியா மைனரிலிருந்து வந்த ஓர் அகதி ஆரம்பித்தது. அங்கே கஸ்டர்ட் இல்லை, உள்ளூர் வெள்ளாட்டு, செம்மறிப் பாலின் பாலாடைக்கட்டி. அதன் உப்பும் புளிப்பும் மேலே தூவிய சர்க்கரையும் சேர்ந்து ஒரு தனி ருசி.

இந்தக் கதையை "அகதிகள் கொண்டுவந்த பலகாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதிக் கதைதான். தெசலோனிக்கியின் காலைப் பலகாரத்துக்கு அதற்கு முன்பே பல கைகள் இருந்தன. 1912 வரை அது ஒட்டோமான் ஊர். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் அங்கே வந்து நானூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் பொரேகாஸ் என்ற மாவுப் பொட்டலங்கள் சுட்டார்கள். 1943-இல் நாஜிகள் 45,000-க்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர். இன்று அந்த ஊரில் நின்று புகாட்சா சாப்பிடுகிறவர் யார் யார் இல்லாமல் போன தெருவில் நிற்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நல்ல புகாட்சாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தாள். அதுதான் எல்லாமே. மாவைப் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊறப் போடுவார்கள். அவசரப்பட்டால் கிழியும். நன்றாக ஓய்ந்த மாவு சொன்னபடி கேட்கும். அதைத் தட்டி வட்டமாக்கி, கையில் எடுத்துக் காற்றில் வீசுவார்கள். ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகிக்கொண்டே போகும். நம்மூர் வீச்சு பரோட்டா மாஸ்டர் செய்வதேதான், ஆனால் இன்னும் மெல்லிசாக. கடைசியில் மேடை முழுக்கப் படுக்கும் தாளுக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். கட்டையால் தேய்த்த தாளுக்கும் வீசி விரித்த தாளுக்கும் வித்தியாசம் உண்டு. தேய்த்தது எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கும். வீசியது அப்படி இருக்காது. ஓரம் தடிப்பாக, நடு மெல்லிசாக, அங்கங்கே சுருக்கமாக இருக்கும். மடித்துச் சுட்டால் அந்தச் சுருக்கங்களுக்குள் காற்று மாட்டிக்கொண்டு உப்பும். கடித்தால் ஓர் அடுக்கு நொறுங்கும், அடுத்த அடுக்கு லேசாக இழுக்கும். இயந்திரத்தில் செய்த தாளில் இந்த இழுவை இருக்காது. எல்லாம் சேர்ந்து சருகு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். உதிர்வதைப் பார்த்து "ஆஹா, என்ன மொறுமொறுப்பு" என்று ஏமாறுகிறவர்கள் அதிகம்.

அடுத்தது கஸ்டர்ட். நல்ல கஸ்டர்ட் வெளிர் நிறம். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் முட்டை நிறைய போட்டிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் அது பாக்கெட் பொடியின் நிறம். நாக்கில் ரவையின் மெல்லிய நறநறப்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் உப்புமா மாதிரி கட்டியாக இருக்கக் கூடாது. துண்டு போட்டால் வழிந்து ஓடவும் கூடாது, ஜெல்லி மாதிரி நிற்கவும் கூடாது. லேசாக நடுங்கி நிற்க வேண்டும். இனிப்பு குறைவாக இருக்கட்டும். மேலே தூவத்தான் சர்க்கரை இருக்கிறதே. வெண்ணெயா மார்ஜரினா என்பதைச் சாப்பிட்டு முடித்து ஐந்து நிமிஷம் கழித்துச் சொல்லலாம். மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் மார்ஜரின்.

மூன்றாவது, யாரும் கவனிக்காதது: நேரம்.

கஸ்டர்டும் ஃபிலோவும் அடிப்படையில் ஒன்றுக்கொன்று எதிரிகள். கஸ்டர்டில் ஈரம், ஃபிலோவுக்கு ஈரமே ஆகாது. அடுப்பிலிருந்து வெளியே வந்த நிமிஷத்திலிருந்து உள்ளேயிருந்து ஆவி மேலே ஏறித் தாளை நமுக்க வைக்க ஆரம்பித்துவிடும். முதல் அரை மணி நேரம் அமிர்தம். ஒரு மணி நேரம் கழித்து சுமார். மூன்று மணி நேரம் கழித்து அதே கடை, அதே கை, அதே புகாட்சா... ஆனால் வேறு பண்டம். அதனால்தான் பழைய கடைகள் விடியற்காலையில் திறந்து மதியத்தோடு மூடிவிடுகின்றன. அதனால்தான் "பெஸ்ட் கடை எது" என்ற கேள்வியே தப்பு. ஊரிலேயே மிகப் புகழ்பெற்ற கடையில் பதினொன்றரை மணிக்கு வாங்கியதைவிட, பெயர் தெரியாத தெருமுனைக் கடையில் ஏழு மணிக்குத் தட்டிலிருந்து எடுத்தது நன்றாக இருக்கும். பட்டியல் போடுகிறவர்கள் கடையின் பெயரை எழுதுகிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்று எழுதுவதில்லை.

இன்னும் கொஞ்சம் யோசித்தால் ஒரு விஷயம் புரியும். அரை மணிக்கு ஒரு தட்டு புதிதாக வர வேண்டும் என்றால், அரை மணிக்கு ஒரு தட்டு தீர வேண்டும். அதற்கு நிலையான வாடிக்கையாளர்கள் வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போய்த் திரும்பும் பாட்டிகள். அப்படிப் பார்த்தால் நல்ல புகாட்சாவைப் பாதி கடைக்காரர் செய்கிறார், மீதியைத் தெரு செய்கிறது. தெரு காலியானால் கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் புகாட்சா ஆறிப்போகும்.

ஆகவே தேடுகிறவர்கள் கடலோரத்தை விட்டு உள்ளே போக வேண்டும். அரிஸ்டாட்டில் சதுக்கத்தைச் சுற்றியே மூன்று நாள் சுற்றிவிட்டு "தெசலோனிக்கி பார்த்தாச்சு" என்பவர்கள் பாவம். பனாகியா ஃபனரொமேனி தெருவில் இருக்கும் பாந்திஸ் கடையை எல்லோரும் சொல்கிறார்கள், சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1969-இலிருந்து இருக்கும் குடும்பக் கடை; தாளை இன்னும் கையால் வீசித்தான் விரிக்கிறார்கள், அதைப் பார்க்கவும் முடியும். சுற்றுலாத் தெருவில் இல்லை, குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. மித்ரோபோலியோஸ் தெருவில் இருக்கும் யானிஸ் கடை வேறு ரகம். இரவு முழுக்கக் குடித்து ஆடிவிட்டு வருகிற இளைஞர் கூட்டம் விடிவதற்கு முன் அங்கேதான் வந்து நிற்கும். வாசலில் சிரிப்பும் சத்தமும் கையில் காகிதப் பொட்டலமுமாக நிற்கிற அந்தக் கூட்டத்தோடு நின்று சாப்பிடுவதும் ஓர் அனுபவம்தான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பது அபத்தம்.

கூட ஒரு பாட்டில் சில்லென்ற சாக்லேட் பால் வாங்கிக்கொள்வது உள்ளூர் பழக்கம். வெளியூர்க்காரர்கள் காபி கேட்பார்கள். சூடான புகாட்சாவுக்குக் குளிர்ந்த சாக்லேட் பால்தான் ஜோடி என்பதைத் தெசலோனிக்கியில் படித்து வளர்ந்த எந்தப் பையனும் பெண்ணும் சத்தியம் செய்து சொல்வார்கள்.

புகாட்சாவுக்குப் போட்டியாக இன்னொரு கஸ்டர்ட் பலகாரமும் அந்த ஊரில் உண்டு. கிழக்கே மலைச்சரிவில் இருக்கும் பனோரமா புறநகரின் திரிகோனா. ஃபிலோவை முக்கோணக் கூம்பாகச் சுட்டு, பாகில் முக்கி, கஸ்டர்டை வாங்கும்போதுதான் உள்ளே நிரப்பித் தருவார்கள். எலெனிதிஸ் கடை 1960-இலிருந்து இதற்குப் பேர் போனது. சாமர்த்தியமான யோசனை: கஸ்டர்டும் தாளும் கடைசி நிமிஷம்வரை சந்திப்பதே இல்லை, பாகு வேறு தாளைக் காக்கிறது. ஆனால் அது சாயங்காலத்து இனிப்பு. காலைச் சாப்பாடு ஆகாது.

இப்போது கசப்பான பகுதி.

தாளை வீசக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும். வேலையோ நடுராத்திரி தாண்டி ஆரம்பம். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, ஊர் விழிக்கும்போது நின்றபடியே விற்று, ஊர் சாப்பிடும்போது தூங்கப் போக வேண்டும். தோள்பட்டை தேயும். 2010-இல் வந்த கடன் நெருக்கடியில் கிரீஸை விட்டு லட்சக்கணக்கானவர்கள், பெரும்பாலும் படித்த இளைஞர்கள், வெளிநாட்டுக்குப் போனார்கள். தெசலோனிக்கியின் எக்னாதியா சாலையில் 2006-இல் மெட்ரோவுக்காகத் தோண்ட ஆரம்பித்து, தோண்டத் தோண்டப் பழைய ரோமானிய, பைசாந்தியத் தெருக்கள் கிளம்பி, வருஷக்கணக்கில் வேலி போட்டு வைத்திருந்தார்கள். ரயில் ஓடியது 2024 நவம்பர் 30-ஆம் தேதிதான்! வேலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சின்னக் கடைகளின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலைமையில் உறைய வைத்த புகாட்சா வருகிறது. தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வரும். உறைபெட்டியிலிருந்து எடுத்து அடுப்பில் வைத்தால் போதும். கை வேண்டாம், மாஸ்டர் வேண்டாம், ராத்திரி வேலை வேண்டாம். ருசியும் மோசமில்லை, உண்மையைச் சொன்னால் கவனமில்லாத கையால் செய்ததைவிட மேல். இப்படிப்பட்ட கடைகளைத் திட்டித் தீர்ப்பவர்கள் ஒரு விஷயத்தை யோசிப்பதில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரைப் பார்த்து, "என் காலைப் பலகாரம் பாரம்பரியமாக இருக்க வேண்டும், அதனால் நீ ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திரு" என்று கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது? முதல் தலைமுறை அகதிகள் ராத்திரி எழுந்தது பாரம்பரியத்தைக் காப்பாற்ற அல்ல, வயிற்றைக் காப்பாற்ற. அவர்கள் பிள்ளைகள் டாக்டராகவும் வாத்தியாராகவும் ஆனார்கள் என்றால் அது அந்தப் பெரியவர்களுக்கு வெற்றிதான்.

ஆகவே உறைபெட்டி தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் தப்பு. ஜன்னலில் பழைய கறுப்புவெள்ளைப் படம், "பாட்டி கைப்பக்குவம்" என்று பலகை, விலையும் கைவேலைக்கான விலை, ஆனால் உள்ளே அட்டைப்பெட்டி என்றால் அது ஏமாற்று. மாவு பிசைந்து, தாள் வீசி, தோள் தேய்கிறவருக்கும் பெட்டியைப் பிரிக்கிறவருக்கும் ஒரே விலை கிடைத்தால், அடுத்த தலைமுறையில் எந்தப் பையன் வீசக் கற்றுக்கொள்வான்? கற்றுக்கொள்ளாதது அவன் தப்பா?

2021-இல் யுனெஸ்கோ தெசலோனிக்கியை உணவுக் கலைக்கான நகரங்களின் வரிசையில் சேர்த்தது. கிரீஸில் முதல் ஊர். நல்ல விஷயம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு விளம்பரப் பலகை வைப்பதோடு நின்றுவிடாமல் இரண்டே காரியம் செய்யலாம். ஒன்று, தாளைக் கடையிலேயே கையால் விரிக்கிறார்களா இல்லையா என்பதை ஒவ்வொரு கடையும் விலைப்பட்டியலிலேயே எழுத வேண்டும் என்று வைக்கலாம். யாரையும் தடுக்க வேண்டாம், தண்டிக்கவும் வேண்டாம், எழுதினால் போதும். வாங்குகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும். இன்னொன்று, ஒரு பழைய மாஸ்டரிடம் ஒரு பையனோ பெண்ணோ தொழில் பழகுகிற காலத்துக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை நகரசபை கொடுக்கலாம். ஒரு சிலையின் செலவில் பத்துப் பேர் பழகிவிடலாம்.

"சுற்றுலாப் பயணிகள் வருகிறார்களே, அவர்கள் கொடுக்கும் காசில் தொழில் பிழைக்காதா?" என்று கேட்கலாம். பிழைக்கும், ஓரளவுக்கு. ஒரு கடையில் கூட்டம் நெரிந்தால் அந்தக் கடை பிழைக்கும். ஆனால் பட்டியல்கள் எல்லாம் அதே மூன்று நான்கு கடைகளையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அங்கே வரிசை நீள்கிறது, நாலு தெரு தள்ளி இருக்கும் கடையில் மாவு ஊறி முடித்துக் காத்துக்கொண்டிருக்கிறது. ருசியில் அவருக்கும் இவருக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மனிதர்கள் படம் எடுக்க வரிசையில் நிற்கும் நேரத்தில் புகாட்சா ஆறுகிறது என்பது மட்டும் நிச்சயம்.

புதுமைக்கு எதிராகவும் யாரும் கொடி பிடிக்க வேண்டியதில்லை. தெசலோனிக்கியில் எஸ்த்ரெல்லா என்ற கடையில் புகாட்சான் என்று ஒன்று கண்டுபிடித்தார்கள். பிரெஞ்சு குரோசானுக்குள் புகாட்சா கஸ்டர்ட்! பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஏன் இருக்காது? ஃபொக்காச்சா போஆச்சா ஆகி புகாட்சா ஆனபோதும் யாராவது ஒரு பெரியவர் முகம் சுளித்திருப்பார். கஸ்டர்ட் எதற்குள் போனாலும் பரவாயில்லை. தாளை வீசுகிற கை எங்காவது ஒரு தெருவில் வீசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் கவலை.

ஆக, அடுத்து தெசலோனிக்கிக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், விடுதிக்காரரிடம் "பெஸ்ட் எது?" என்று கேட்க வேண்டாம். "உங்கள் வீட்டுப் பக்கத்தில் எந்தக் கடை? காலையில் எத்தனை மணிக்கு முதல் தட்டு வரும்?" என்று கேட்கலாம். முகம் மலர்ந்து வழி சொல்வார். போய், மேடைப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். விரிக்கிற கை தெரிந்தால் அதிர்ஷ்டம். தெரியவில்லை என்றால் கேட்டுவிடலாம், கையால் விரிப்பவர் ஒளிக்க மாட்டார், காட்டவே கூப்பிடுவார். நின்றுகொண்டே, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். பொட்டலம் கட்டி விடுதிக்கு எடுத்துப் போகக் கூடாது. சர்க்கரைப் பொடி சட்டையில் கொட்டும், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகாமல் இருப்பது உத்தமம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். "நாளைக்கு வா" என்பார்கள். நாளைக்குப் போக வேண்டியதுதான்.